மலை வீட்டில் கடைசி நாட்கள்: முற்றிய புற்றுநோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

"இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்து நல்லா பார்த்துக்கோங்க" என்று கோயம்புத்தூரில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பை நிறைய ஸ்கேன் படங்களோடு குடும்பம் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வந்து சேர்கிறது. "நல்லா பார்த்துக்கொள்வது" எப்படி என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீலகிரியில் அப்படி வந்து இறங்கிய குடும்பங்களுக்காக எழுதியது இது. தோட்டத்து லயன் வீடோ, படுகர் ஊரான ஹட்டியோ, ஊட்டி நகரத்து மாடி வீடோ, செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். மலையில் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் வந்து சேர முடியாது. மூடுபனி, மண்சரிவு, சாய்ந்த மரம், போன கரண்ட், கிடைக்காத டவர், இவற்றில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும். அதனால் ராத்திரிக்குத் தேவையான மருந்தும் அதைக் கொடுக்கும் விவரமும் பகலிலேயே வீட்டுக்குள் இருக்க வேண்டும். கீழே வருவது எல்லாம் இதை வைத்துத்தான்.

முதல் வாரம்: யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊருக்கு வந்த மறுநாளே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் போக வேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், காகிதங்களைக் கொண்டுபோனால் போதும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பது மட்டும்தான் அந்தத் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண ஆதரவு சிகிச்சை தருவதும் அதில் உண்டு. "எங்க வீட்டில் புற்றுநோய் முற்றிய நிலையில் ஒருத்தர் இருக்கார், வலி நிவாரண நர்ஸ் வீட்டுக்கு வரணும், பேர் பதிஞ்சுக்கோங்க" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்காமல் காத்திருந்தால் நாள் போய்விடும். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் அதன் கிராம சுகாதாரப் பணியாளர்களும் இருக்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, நோயாளியின் ஆதார், வாங்கப் போகிறவரின் ஆதார். இவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தை வாங்கப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட் இல்லாமல் திரும்பி வருவதுதான் அடிக்கடி நடக்கிற வீண் அலைச்சல்.

அறையும் படுக்கையும்

நோயாளியை உள்ளறையில் ஒதுக்கி வைக்காதீர்கள். ஆட்கள் நடமாடும் அறையில், ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்டால் புரட்டிப் படுக்கவைக்கும்போது உங்கள் முதுகுதான் போகும். கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் அடியில் ஹாலோ பிளாக் கல் வைத்து இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரலாம். ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கக்கூஸ் வெளியே இருக்கிற வீடுகள் மலையில் இன்னும் நிறைய. ராத்திரிக் குளிரில் வெளியே போகப் பயந்து நோயாளி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அதிலிருந்து மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல், குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் கீழே ஒரு பக்கெட் வைத்தால் கமோடு நாற்காலி ஆகிவிடும். அதைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, ஒரு சேலையைத் திரையாகக் கட்டிவிடுங்கள்.

குளிர்தான் இங்கே பெரிய விஷயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது கணப்பு மூட்டுவது வழக்கம். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரிக் கணப்பை உள்ளே வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கொன்றுவிடும். மூச்சுத் திணறல் உள்ளவருக்குப் புகையும் ஆகாது. ஆக்சிஜன் வைத்திருந்தால் அந்த அறைக்குள் நெருப்பே கூடாது, ஊதுபத்தியும் விளக்கும் அதில் சேர்த்தி.

வெந்நீர்ப் பை கொடுக்கலாம், ஆனால் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான். கீமோ எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும். சுடுவது தெரியாது, காலையில் பார்த்தால் கொப்புளம் நிற்கும். கடும் வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் அந்த இடத்தின் பக்கத்தில் வெந்நீர்ப் பையும் வேண்டாம், கணப்புச் சூடும் வேண்டாம். சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக உடம்புக்குள் இறங்கி, ஆளை எழுப்ப முடியாத மயக்கம் வரும். பட்டை கொடுத்தனுப்பும்போது குளிர்ப் பிரதேசத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று அழுத்திச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே கனத்த ரஜாயை மேலே போடுவதைவிட மெல்லிய கம்பளி இரண்டு மூன்று நல்லது. கனத்த போர்வை கால்விரல்களை அழுத்திக் குதிகாலில் புண் வர வைக்கும். மழை மாதங்களில் துணி வாரக்கணக்கில் காயாது, எனவே நாலு செட் படுக்கை விரிப்பு தேவைப்படும். பழைய பருத்திச் சேலை, வேட்டியைக் கிழித்து மடித்துவைத்தால் அடியில் போடும் துணிக்கு அதைவிட நல்லது கடையில் கிடைக்காது.

ராத்திரிப் பெட்டி

மூடியுள்ள ஒரு தகர டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை ஈரம் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல், பூட்டி வையுங்கள். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். பொதுவாக இருப்பவை: மார்ஃபின் மாத்திரை, பாராசிட்டமால், மலமிளக்கி, வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, குழப்பத்துக்கு ஹாலோபெரிடால், பதற்றத்துக்கு லோராஸிபம், தொண்டைச் சளிச் சத்தத்துக்கு ஹையோசின். இவற்றோடு கையுறை, 2 மில்லி சிரிஞ்ச் சில, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், அடர்நிறத் துண்டு நாலு. துண்டு எதற்கு என்று பின்னால் சொல்கிறோம். மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்த மாத்திரை எதற்கு, எத்தனை, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவிடுங்கள். வீட்டில் எந்த மூலையில் டவர் கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதலாம்.

மருந்து இருப்பு எப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவைப் பிடிக்கும். 2009 நவம்பர் மண்சரிவு மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. உங்கள் பக்கத்து மழைக்காலத்தில் இருப்பைப் பத்து நாளுக்கு உயர்த்தித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள், காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வலி: கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

லேசான வலிக்கு பாராசிட்டமால், நடுத்தர வலிக்கு டிராமடால் போன்றவை, கடும் வலிக்கு மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986 இல் வகுத்த இந்தப் படிக்கட்டு முறைதான் இன்றும் அடிப்படை. மார்ஃபினைக் கண்டு பயப்படும் குடும்பங்கள்தான் அதிகம். "அதை ஆரம்பிச்சா அடிமையாயிடுவார்", "அது கடைசி மருந்தாமே, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாராமே" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். வலிக்காக, சரியான அளவில், வாய்வழி கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. வலி நோயாளி அதற்கு அடிமையாவது மிக மிக அரிது. வலி தாங்காமல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் கிடப்பதுதான் ஆளைச் சீக்கிரம் உருக்கும். இந்தப் பயத்தால் ஒருவரை ராத்திரி முழுக்க முனகவிடுவது மிகவும் வருத்தத்துக்குரியது, அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலைசெய்ய அரை மணி ஆகும், சுமார் நாலு மணி நேரம் நிற்கும். அதனால் நாலு மணிக்கு ஒருமுறை கொடுக்கிறோம். காலை 6, காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு கொடுத்தால் காலை வரை எழுப்ப வேண்டியதில்லை. உதாரணமாக 10 மில்லிகிராம் எழுதியிருந்தால் நாலு வேளை ஒன்று, ராத்திரி இரண்டு, ஆக ஒரு நாளைக்கு 60. ஆரம்ப அளவை டாக்டர்தான் முடிவு செய்வார். வயதானவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் பாதியோ அதற்கும் குறைவாகவோ தொடங்குவார்கள்.

"வலிக்கும்போது கேளுங்க, தர்றேன்" என்பதுதான் பெரிய தவறு. வலி தலைதூக்கிய பிறகு கொடுத்தால் அதை அடக்க இன்னும் அதிக மருந்து வேண்டும். வலி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், மருந்து இருப்பதால்தான் வலி இல்லை.

இடையில் வலி பீறிட்டால் வழக்கமான ஒரு வேளை அளவையே கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்காக அடுத்த வேளை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், அளவு, வலி எவ்வளவு என்று எழுதுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் சிலருக்குப் புரியாது. "ரூபாய்க்கு எத்தனை காசு வலிக்குது?" என்று கேட்டால் பாட்டிகூட "முக்கால் ரூபா" என்பார். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் கூடுதல் மாத்திரை தேவைப்பட்டால் மறுநாள் காலை போன் செய்து நோட்டைப் படித்துக் காட்டுங்கள், டாக்டர் வழக்கமான அளவைக் கூட்டுவார். படுகு பேசும் வீட்டிலும் பழங்குடி வீட்டிலும் நர்ஸ் தமிழில் கேட்டால் பெரியவர்கள் "பரவாயில்லை" என்று முடித்துக்கொள்வார்கள். அவர்கள் மொழியில் வீட்டுக்காரர் ஒருவர் கேட்டுச் சொல்லட்டும்.

எரிச்சல், ஊசி குத்துவது, கரண்ட் அடிப்பது போன்ற வலி நரம்பு வலி. மார்ஃபின் மட்டும் போதாது, அதற்கு வேறு மாத்திரை உண்டு. "எப்படி வலிக்குது" என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

மார்ஃபினோடு கூடவே வருவது மூன்று. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் சொக்கும், பிறகு தெளியும். சிலருக்கு முதல் வாரம் குமட்டல் இருக்கும், அதற்கு மாத்திரை உண்டு. மூன்றாவது மலச்சிக்கல். அது தானாகச் சரியாகாது, மார்ஃபின் இருக்கும்வரை இருக்கும். எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி, பொதுவாக பிஸாகோடில் 5 மில்லிகிராம் இரண்டு மாத்திரை ராத்திரியில். மூன்று நாள் மலம் போகாவிட்டால் நர்ஸிடம் சொல்லுங்கள். இறுகிய மலத்தின் பக்கவாட்டில் தண்ணீராகக் கசிவதைப் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. நிறுத்தினால் இன்னும் மோசமாகும்.

தட்டி எழுப்பினாலும் எழாத மயக்கம், கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, இல்லாத ஆட்கள் தெரிவது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போவது, இவை அளவு மீறியதன் அடையாளம். அடுத்த வேளையை நிறுத்திவைத்துப் போன் செய்யுங்கள். ஆனால் அளவைத் திடீரென்று மொத்தமாக நிறுத்தக் கூடாது. வியர்வை, வயிற்றுப்போக்கு, தாங்க முடியாத வலி மூன்றும் சேர்ந்து திரும்பும்.

நீண்டநேர மார்ஃபின் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சாதாரண மாத்திரையை டாக்டர் சொன்னால் பொடித்து, சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் வைக்கலாம். விழுங்க முடியாத கடைசி நாட்களில் இது கைகொடுக்கும். இல்லாவிட்டால் நர்ஸ் தோலுக்கடியில் ஒரு சின்ன பட்டர்ஃபிளை ஊசி போட்டுவிட்டு, மருந்தைச் செலுத்தும் விதத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார். நாலு மணிக்கு ஒருமுறை குத்த வேண்டியதில்லை.

மார்ஃபின் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 2014 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருந்து தருகின்றன. எந்த மருத்துவமனையில் இருப்பு உண்டு என்று கோவையிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கையிருப்பு முடியும் நாளில் அலையக் கூடாது.

புரட்டுதல், தோல், புண்

இரண்டு மணிக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவையுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்ந்தாற்போல் இருந்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்க வேண்டும். மேலே இழுக்க வேண்டியிருந்தால் அக்குளில் கைவிட்டு இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். நாலாக மடித்த பெட்ஷீட்டை முதுகிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காதுமடல் இவற்றைத் தினமும் பாருங்கள். விரலால் அழுத்திவிட்டால் வெளுக்காத சிவப்புதான் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது, உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும். ஏர் பெட் நல்லது, ஆனால் கரண்ட் போனால் காற்றிறங்கித் தட்டையாகிவிடும். இங்கே மழைக்காலத்தில் அது சாதாரணம். அதனால் ஏர் பெட் இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

வெளியே உடைத்துவந்த கட்டிப் புண்ணுக்கு, வாய்ப் புற்றிலும் மார்பகப் புற்றிலும் இது வரும், உப்புநீர்தான் கழுவும் மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி தலைதட்டிய உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பஞ்சால் தேய்க்காமல் ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டிய துணியை நனைத்துத்தான் எடுக்க வேண்டும், பிய்த்தால் ரத்தம் வரும். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். நாற்றத்துக்கு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெட்ரோனிடசோல் மாத்திரையை நைஸாகப் பொடித்துப் புண்ணின்மேல் தூவினால் இரண்டு மூன்று நாளில் பெருமளவு குறையும். நாற்றத்தால் தானே ஒதுங்கிக் கிடக்கும் மனிதர் மறுபடி பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடுவதற்கு அந்தச் சில ரூபாய் மாத்திரை போதும். இதைத் தெரியாத வீடு இருக்கக் கூடாது.

வாய், சாப்பாடு, குளுக்கோஸ்

மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளிக்கவோ துணியால் துடைக்கவோ செய்யலாம். நாக்கில் வெள்ளை படர்ந்து எரிந்தால் பூஞ்சைத் தொற்று, மருந்து உண்டு.

சாப்பாடு அவர் கேட்பதை, கேட்கும் அளவு, கேட்கும் நேரத்தில். இரண்டு கரண்டி ராகிக் கூழ் போதும் என்றால் போதும். எழுந்து உட்கார்ந்த நிலையில்தான் ஊட்ட வேண்டும். கடைசி வாரங்களில் பசி போவது நோயால்தான், சாப்பிடாததால் அவர் சாகப்போவதில்லை. நீங்கள் பட்டினி போடவும் இல்லை. இதை உறவுக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்தக் கூடாதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 500 மில்லி 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் ஐந்து தேக்கரண்டி. அதில் தெம்பு வராது. உடம்பு மூடிக்கொண்டு வரும் நாட்களில் அந்த நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தங்கி, வீக்கத்தையும் மூச்சிரைப்பையும்தான் கூட்டும்.

மூச்சுத் திணறல்

சாய்ந்து படுக்கவிடாமல் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசைமேல் தலையணை போட்டுக் கைகளை ஊன்றிக்கொள்ளச் செய்யுங்கள். குளிராக இருந்தாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, உடம்புக்குக் கம்பளி போட்டு, முகத்துக்கு மட்டும் காற்றுப் படட்டும். சின்ன பேட்டரி விசிறியோ கைவிசிறியோ மூக்கு, கன்னம் பக்கம் வீசினால் உண்மையிலேயே திணறல் குறையும். முகத்து நரம்புகள் வழியாக மூளைக்கு அந்த ஆறுதல் போகிறது. குறைந்த அளவு மார்ஃபினும் மூச்சுத் திணறலைத் தணிக்கும். ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவியின் எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, நல்ல உடம்புக்காரருக்கே இங்கே அந்த எண் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். ஆளின் முகத்தைப் பாருங்கள்.

உடனே போன் செய்ய வேண்டியவை

முதுகுவலி புதிதாக வந்து கால் வலுவிழப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது. நடமாடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அன்றே வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைத் தொடங்கினால் காலைக் காப்பாற்ற வாய்ப்புண்டு, இரண்டு நாள் கழித்துப் போனால் அனேகமாக இல்லை. இதற்கு மட்டும் மலையிறங்கும் அலைச்சல் தகும்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பியிருப்பது, வயிறு வீங்கிச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, இவற்றுக்கும் தாமதம் கூடாது.

கழுத்திலோ வாயிலோ கட்டி உள்ளவருக்குத் திடீரென்று பெரிய ரத்தப்போக்கு வரலாம். அடர்நிறத் துண்டு அதற்குத்தான். வெள்ளைத் துணியில் பார்த்தால் கொஞ்ச ரத்தமும் பெரிதாகத் தெரிந்து நோயாளியும் குடும்பமும் மிரண்டுபோவார்கள். துண்டை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.

சொல்வதா, மறைப்பதா

"அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று கேட்காத குடும்பம் இல்லை. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தேதான் இருக்கிறது, உங்களுக்காக அவரும் நடிக்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. கேள்வியை அவரிடமே விடுங்கள். "அப்பா, உடம்பு எப்படிப் போயிட்டிருக்குன்னு நீங்க என்ன நெனைக்கிறீங்க? டாக்டர்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அவர் எதுவரை கேட்கிறாரோ அதுவரை உண்மையைச் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். பத்திரம், பேங்க் கணக்கு, யாரோடோ தீராத மனத்தாங்கல் என்று அவர் முடிக்க நினைப்பவை இருக்கும், அதற்கு நேரம் வேண்டும்.

கடைசியில் வெண்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவர் தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள். உச்ச நீதிமன்றம் 2018 இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும்.

கடைசி நாட்கள்

நாள் முழுக்கத் தூக்கம், ஒரு வாய் தண்ணீரோடு சரி, சிறுநீர் குறைந்து அடர்நிறமாவது, நேரம் இடம் தடுமாறுவது, இவை நாட்கள்தான் என்பதன் அடையாளம். முழங்காலும் பாதமும் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக ஊதா படர்வது, வேகமாக மூச்சு வாங்கிப் பிறகு அரை நிமிடம்வரை நின்று மறுபடி தொடங்குவது, கீழ்த்தாடை மட்டும் அசைவது, இவை மணிநேரங்கள்.

இந்தக் கட்டத்தில் பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, சத்து மாத்திரை எதுவும் வேண்டாம். வலி மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது, பேச முடியாதவருக்கும் வலி இருக்கும். நெற்றி சுருங்குவது, புரட்டும்போது முனகுவது, கை இறுகுவது இவற்றில் தெரியும். மூச்சு மெதுவாவது இப்போது இயல்பு, மார்ஃபின்மேல் பழிபோட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தொண்டையில் சளி களகளவென்று சத்தம் வரும். கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம், அவருக்கு அது தெரிவதில்லை. பக்கவாட்டில் திருப்பித் தலையைச் சற்று உயர்த்தினால் பாதி குறையும். ஹையோசின் ஊசியைச் சத்தம் தொடங்கியதுமே போட்டால்தான் பயன், ஏற்கெனவே சேர்ந்த சளியை அது எடுக்காது. குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம்.

திடீரென்று எழ முயல்வது, துணியைப் பிய்ப்பது, கத்துவது என்று அலைபாய்ந்தால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் கட்டியிருக்கலாம். அடுத்தது மலம். இரண்டும் இல்லையென்றால் பெட்டியில் உள்ள ஹாலோபெரிடாலோ லோராஸிபமோ, எழுதியிருக்கும் அளவில்.

பால் ஊற்றும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஒவ்வொரு உறவாக வந்து ஒரு கரண்டி ஊற்றினால் விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கி இருமலும் திணறலும் வரும். பாலோ துளசித் தீர்த்தமோ ஸம்ஸம் நீரோ, பஞ்சில் தொட்டு உதட்டில் நனைத்தால் சடங்கும் நிறைவேறும், அவருக்கும் துன்பமில்லை. பூசுதலுக்குப் பாதிரியாரை நினைவு இருக்கும்போதே கூப்பிடுங்கள். காது கேட்டுக்கொண்டிருக்கலாம், எனவே சொத்துப் பேச்சையும் அடக்கத்துக்கான ஏற்பாட்டையும் வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது பதறி 108 ஐ அழைத்தால் அவர்கள் கடமைப்படி தூக்கிக்கொண்டுதான் போவார்கள். ஒற்றையடிப் பாதையில் நாற்காலியில் வைத்துத் தூக்கி, கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு போய் நடுவழியில் முடிவதைத் தவிர்க்க, வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று இப்போதே தீர்மானித்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் தவறில்லை, பக்கத்து அரசு மருத்துவமனையே போதும், கோவை வேண்டாம்.

முடிந்த பிறகு

வீட்டில் புற்றுநோயால் இறந்தால் போலீஸுக்கோ பிரேதப் பரிசோதனைக்கோ அவசியமில்லை. பார்த்துவந்த டாக்டருக்குச் சொல்லி, இறப்புக் காரணச் சான்றான படிவம் 4அ வாங்குங்கள். ஃபென்டனில் பட்டை ஒட்டியிருந்தால் எடுத்து, ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடியுங்கள். பயன்படுத்திய பட்டையிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மிச்சமிருக்கும். குழாய்களை நர்ஸ் வந்து எடுக்கட்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குள் என்றால் தாமதக் கட்டணம் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம். தோட்டத் தொழிலாளி என்றால் தோட்ட அலுவலகத்திலும் சொல்லுங்கள், சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் சான்றிதழ் நகல் கேட்பார்கள். பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ஓர் எழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் அலைய நேரும். அரசு மருத்துவமனையில் இறந்தால் அமரர் ஊர்தி இலவசம், எண் 155377.

மிச்சமிருக்கும் மார்ஃபினை எண்ணி எழுதி, வாங்கிய இடத்திலேயே ஒப்படையுங்கள். பக்கத்து வீட்டு முழங்கால் வலிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடன் வாங்கிய ஏர் பெட்டைச் சோப்புநீரில் துடைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள். ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டவர், பெரும்பாலும் மனைவியோ மருமகளோ, முதல் சில வாரம் ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை நேரம் என்று திடுக்கிட்டு எழுவார். தூக்கம் வராமலும் சாப்பிடாமலும் அது நீண்டுகொண்டே போனால் மனநல உதவி எண்ணான 14416 க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.